கல்லூரி வகுப்பில் குறிப்பெடுப்பது: முதலாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பாடங்கள் நடத்துகிறேன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். ஒவ்வோர் ஆண்டும் முதல் செமஸ்டர் தொடங்கி மூன்று வாரத்துக்குள் ஒரே மாதிரியான கேள்விகள் என் மேசைக்கு வந்துவிடும். முதல் இன்டர்னல் தாளைத் திருத்திக் கொடுத்த மறுநாள் இன்னும் கூடுதலாக வரும். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் என் பாடத்திலிருந்து வருகின்றன. கலை அறிவியல் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் முறை இதுதான்.

பள்ளியில் நன்றாகத்தான் நோட்ஸ் எழுதினேன். இங்கே ஏன் எதுவும் பிடிபடவில்லை?

பள்ளியில் நீங்கள் எழுதியது பெரும்பாலும் ஆசிரியர் எழுதச் சொன்னது. நிறுத்தி நிறுத்திச் சொல்வார், அல்லது பலகையில் எழுதிப் போடுவார். எது முக்கியம் என்று முடிவு செய்தவர் அவர். கல்லூரியில் அந்த முடிவு உங்கள் கைக்கு வந்துவிட்டது. அப்படி வந்துவிட்டதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. பாடம் நடத்துபவர் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் பேசுகிறார். கையால் எழுதுபவர் எவ்வளவு விரைந்தாலும் 20, 25 சொற்களைத் தாண்டுவது கடினம். ஆக, சொன்னதில் கால்பங்குதான் நோட்டில் ஏறும். எந்தக் கால்பங்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அனைத்தையும் எழுதிவிட முயல்பவருக்கு அது தற்செயலாக அமைகிறது. வாக்கியத்தின் முன்பாதி நோட்டில் இருக்கும். காரணம் சொன்ன பின்பாதி இருக்காது. வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் தன் கையெழுத்தே தனக்கு அந்நியமாகத் தெரியும்.

அப்படியானால் எதை எழுதுவது, எதை விடுவது?

பொதுவாகச் சொன்னால் விளங்காது. ஒரு வகுப்பையே எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் பாடத்தில் நீர்–சிமெண்ட் விகிதம் நடத்தும்போது பத்து நிமிடத்தில் நான் சொல்வது ஏறத்தாழ இது:

சிமெண்ட் முழுமையாக வேதிவினை புரிய அதன் எடையில் சுமார் 23 சதவீத நீர் வேண்டும். வினையில் உருவாகும் கூழ்மத்தின் நுண்துளைகளில் இன்னொரு 15 சதவீதம் தங்கும். சேர்த்தால் 0.38. ஆனால் அவ்வளவு நீரோடு நிறுத்தினால் கலவை இறுகலாக இருக்கும், கம்பிகளுக்கு நடுவே இறங்காது. அதனால் சைட்டில் 0.45, 0.5 என்று கூட்டுகிறோம். அந்தக் கூடுதல் நீர் பிறகு வெளியேறும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். துளை கூடினால் வலிமை குறையும். நீரைக் கூட்டக் கூட்ட வலிமை இறங்குகிறது என்பதை 1918-இல் டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கர் விதியாகவே எழுதி வைத்தார்.

வகுப்பு முடிந்ததும் நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் பாதிப் பேர் எழுதியிருப்பது: விகிதத்தின் வரையறை முழு வாக்கியமாக, கீழே 0.38, 0.45, 0.5 என்ற எண்கள், ஏப்ரம்ஸ், 1918. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 0.38 போதும் என்றால் 0.5 எதற்கு என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் பதில் கிடையாது. வரையறை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை எழுதிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில்தான் காரணம் கடந்து போயிருக்கிறது.

ஒரு மாணவி எழுதியிருந்தது கிட்டத்தட்ட இப்படி:

நீர்/சிமெண்ட் = எடைக்கு எடை
வினைக்கு 0.23 + கூழ்மத் துளைக்கு 0.15 = 0.38
இதோடு நிறுத்தினால்? இறுகல், கம்பிக்குள் இறங்காது → அதனால் 0.45–0.5
நீர் ↑ → வெளியேறும் → துளை ↑ → வலிமை ↓
(?) துளை இரண்டு வகையா? கூழ்மத் துளை வேறு, இது வேறா?

ஐந்தே வரி. பாடம் முழுவதும் இதில் இருக்கிறது. கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆம், இரண்டும் வேறு வேறு. வலிமையைக் குறைப்பது இரண்டாவதாகச் சொன்னவை, கூடுதல் நீர் வெளியேறியதால் நிற்கும் நுண்புழைத் துளைகள். நான் சொல்லாமல் விட்ட இடத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியில்தான் தொடங்கினேன்.

எழுத வேண்டியது காரணம், தொடர்பு, வேறுபாடு, ஆசிரியர் தரும் எடுத்துக்காட்டு, உங்கள் சந்தேகம். விடலாம் என்பது புத்தகத்தில் அப்படியே கிடைக்கும் வரையறை, நீண்ட பட்டியல். அவற்றுக்குப் பக்க எண் போட்டால் போதும். ஆசிரியர் ஒன்றை இரண்டாம் முறை சொன்னால், பேச்சின் வேகம் குறைந்தால், சாக்பீசைக் கையில் எடுத்தால், நிமிர்ந்து கவனியுங்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்திருக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. எந்த மொழியில் குறிப்பெடுப்பது?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கூடவே ஒரு குற்ற உணர்வும் இருக்கும். தமிழில் எழுதினால் தரக்குறைவு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதை முதலில் இறக்கி வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகமே 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் நடத்தத் தொடங்கியது. தமிழில் யோசிக்கிறவர் தமிழில் குறிப்பெடுப்பதுதான் இயல்பு.

நான் பரிந்துரைப்பது கலப்பு முறை. கலைச்சொல் ஆங்கிலத்தில், அதை விளக்கும் வரி தமிழில். சொல்லின் எழுத்துக்கூட்டல் தெரியாவிட்டால் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி அடிக்கோடிடுங்கள். மாலையில் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டலை யோசித்து நின்றால் அடுத்த இரண்டு வாக்கியங்கள் போய்விடும்.

அடுத்து, ஆங்கிலத்தின் இணைப்புச் சொற்களுக்குக் காதைப் பழக்குங்கள். பிகாஸ், பட், ஹவெவர், தேர்ஃபோர், அன்லெஸ், வேர்ஆஸ். பத்துப் பதினைந்து சொற்கள்தான். கலைச்சொல் புரியாமல் போனாலும் 'பட்' வந்ததும் பேச்சு திரும்புகிறது, 'தேர்ஃபோர்' வந்ததும் முடிவு வருகிறது என்று தெரிந்தால் பாடத்தின் எலும்புக்கூடு கையில் நிற்கும். சதையைப் பிறகு ஒட்டவைக்கலாம். முதலாண்டில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு செமஸ்டர் வீணாகியிருக்காது.

நோட்டின் கடைசி நான்கு பக்கங்களை ஒதுக்கி, புதுச் சொற்களுக்கு ஒரு பட்டியல் வையுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்ச் சொல் அல்லது நீங்கள் கண்ட ஒரு பொருள். பிளஸ் டூ புத்தகத்தில் படித்த சொற்கள் இங்கே வேறு பெயரில் வருகின்றன, அவ்வளவுதான். உந்தம், திருப்பு விசை, மீட்சிக் குணகம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. தமிழ்ச் சொல் கிடைக்காதபோது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பிலும் சொற்குவை தளத்திலும் தேடலாம்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். முதன்முதலாக வகுப்பில் 'க்யூரிங்' என்று கேட்டபோது நோயைக் குணப்படுத்துவது என்றுதான் மனத்தில் ஓடியது. கான்கிரீட்டுக்கு என்ன நோய் என்று குழம்பியதில் அந்த ஹவர் முழுவதும் போய்விட்டது. நீராற்றுதல் என்று விடுதியில் சீனியர் ஒருவர் சொன்னார். அப்போதும் பிடிபடவில்லை. "புதுச் செவுத்துக்கு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துவாங்கள்ல, அதான்டா" என்றார். எங்கள் வீடு கட்டியபோது பள்ளி விட்டு வந்ததும் வாளியோடு அதைச் செய்தவனே நான்தான். சொல்தான் புதிது, பொருளை என் கை ஏற்கெனவே அறிந்திருந்தது. அன்றிலிருந்து புதுச்சொல் எதுவானாலும் பக்கத்தில் ஊரில் கண்ட ஒன்றை எழுதும் பழக்கம் வந்தது.

தேர்வு ஆங்கிலத்தில்தானே என்பீர்கள். உண்மை. அதற்கு வகுப்பு நேரம் இடமில்லை. மாலையில் அன்றைய பாடத்திலிருந்து ஒரே ஒரு இரண்டு மதிப்பெண் பதிலை உங்கள் சொந்த ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நாளுக்கு ஒன்று போதும். புரிந்த விஷயத்துக்கு மொழி சேர்ப்பது எளிது. புரியாததை மனப்பாடம் செய்த ஆங்கிலம், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே காலை வாரிவிடும்.

கார்னெல் முறை என்கிறார்களே, அது என்ன? நம் நோட்டுக்குச் சரிப்படுமா?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் பாக் 1950-களில் வகுத்த முறை. பக்கத்தின் இடப்புறம் இரண்டரை அங்குலம் விட்டு மேலிருந்து கீழாகக் கோடு. அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே ஒரு கோடு. வகுப்பில் எழுதுவது வலப்பக்கப் பெரிய பகுதியில். வகுப்பு முடிந்தபின் இடப்பக்கத்தில் கேள்விகளோ குறிப்புச் சொற்களோ. அடியில் அந்தப் பக்கத்தின் சாரம் இரண்டு வரியில்.

லாங் சைஸ் நோட்டுக்கு நன்றாகவே சரிப்படும். அச்சிட்ட மார்ஜின் போதாது, இன்னொரு கோடு நீங்களே போட வேண்டும். அடிப்பகுதியை விட்டுவிட்டாலும் குறையில்லை என்பது என் எண்ணம். இடப்பக்கத்தை விடாதீர்கள். வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடப்பக்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்ப்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. 'விகிதம் 0.38 போதும் என்றால் ஏன் 0.5?' என்று அங்கே எழுதியிருந்தால் அது ஒரு தேர்வுக் கேள்வியாகவே நிற்கும். கோடு மட்டும் போட்டு இடப்பக்கத்தைக் காலியாக விட்ட நோட்டுகளையே அதிகம் பார்க்கிறேன்.

லேப்டாப்பில் தட்டச்சு செய்யலாமா, கையால்தான் எழுத வேண்டுமா?

2014-இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. லேப்டாப்பில் எழுதியவர்கள் கூடுதலாகவும் சொல்லுக்குச் சொல்லாகவும் எழுதினார்கள். கருத்தை விளக்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் 2019-லும் 2021-லும் அதையே திரும்பச் செய்தபோது மதிப்பெண்ணில் அத்தனை தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே 'கையெழுத்துதான் மூளைக்கு நல்லது' என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

இருந்தாலும் என் வகுப்பில் நோட்டையே எடுக்கச் சொல்கிறேன். காரணம் எளியது. பொறியியலில் பாதி படம். வளைவரை, கம்பி அமைப்பு, விசைப் படம் இவற்றை விசைப்பலகையில் போட முடியாது. இன்னொன்று, திரை பக்கத்தில் இருப்பவரையும் இழுக்கும். கனடாவில் 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமின்றி அவர்கள் திரை கண்ணில் பட்ட மற்ற மாணவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தது. கையில் எழுத முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு லேப்டாப்தான் வழி. அவர்கள் யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பிபிடி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறதே, பிறகு எதற்கு எழுத வேண்டும்?

பிபிடியில் இருப்பதை எழுதாதீர்கள். இல்லாததை எழுதுங்கள். முன்கூட்டியே கிடைத்தால் ஒரு தாளுக்கு நான்கு ஸ்லைடாக ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஸ்லைடுக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் வாயால் சொன்னதைக் குறித்துக்கொள்ளலாம். ஸ்லைடில் மூன்று சொல் இருக்கும். அதைப் பற்றி அவர் ஐந்து நிமிடம் பேசுவார். அந்த ஐந்து நிமிடம் எந்தக் கோப்பிலும் வராது.

போர்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டால்?

ஆசிரியர் அனுமதித்தால் சிக்கலான படங்களுக்கு மட்டும். எடுத்த அன்றே பார்த்து வரைந்துகொள்ளாவிட்டால் நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே அது புதைந்துபோகும். குரல்பதிவும் அப்படித்தான். 50 நிமிட வகுப்பைக் கேட்க மறுபடி 50 நிமிடம் வேண்டும், ஒரு நாளில் ஏழு ஹவர் இருக்கிறது.

கணக்குப் பாடத்துக்கும் டெரிவேஷனுக்கும் இதே முறையா?

இல்லை. அங்கே போர்டில் இருப்பதை வரிவிடாமல் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படித் தாவினார் என்பதை வலப்புறத்தில் இரண்டு சொல்லில் குறியுங்கள்: 'இருபுறமும் வகையிட', 'எல்லை நிபந்தனை', 'சிறிய உறுப்பை விட்டோம்'. ஆசிரியர் இதை வாயால் சொல்வார், போர்டில் எழுத மாட்டார். தேர்வுக்கு முந்தைய இரவில் மாட்டிக்கொள்வது எப்போதும் இந்தத் தாவலில்தான்.

உத்திரத்தின் வளைவைக் கணக்கிடும்போது இரண்டு முனையிலும் விலக்கம் சுழி என்று போட்டு மாறிலிகளைக் கண்டுபிடிக்கிறோம். ஏன் சுழி? அங்கே தாங்கி இருக்கிறது, உத்திரம் கீழே இறங்க முடியாது. அந்த ஒரு வரி நோட்டில் இருந்தால் ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்த உத்திரம் வந்தாலும் நீங்களே போட்டுவிடலாம். இல்லையென்றால் ஒவ்வொரு உத்திரமும் புதுக்கணக்காகத் தெரியும்.

தெரியாமல் தாவிய இடத்தில் ஒரு நட்சத்திரம். அங்கேயே நின்று யோசிக்காதீர்கள், அடுத்த வரியும் போய்விடும்.

ஆசிரியர் மிக வேகமாகப் போகிறார். பாதி விட்டுப்போகிறது. என்ன செய்வது?

மூன்று வரி இடம் விட்டுவிட்டு, ஆசிரியர் இப்போது இருக்கும் இடத்துக்குத் தாவிவிடுங்கள். விட்டதை வகுப்பு முடிந்ததும் பக்கத்து பெஞ்ச் நண்பரிடம் கேட்டு நிரப்புங்கள். இருவர் சேர்ந்தால் இருவர் விட்டதும் ஒரே இடமாக இருப்பது அபூர்வம்.

சுருக்கெழுத்தை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். என் மாணவர்கள் வலிமைக்கு 'வ', விகிதத்துக்கு 'வி', கூடுவதற்கும் குறைவதற்கும் அம்பு, எடுத்துக்காட்டுக்கு 'எ.கா.' என்று போடுகிறார்கள். ஆங்கிலமோ தமிழோ, நாளைக்கு உங்களுக்கு விளங்கினால் சரி. பத்துக்கு மேல் வேண்டாம்.

முந்தைய நாள் இரவு பாடப்புத்தகத்தில் அந்தத் தலைப்பின் உட்தலைப்புகளை மட்டும் ஒரு புரட்டுப் புரட்டினாலும் வேகம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். பஸ்ஸில் வரும்போதே செய்யலாம்.

வீட்டுக்குப் போய் ஃபேர் நோட்டில் அழகாகத் திரும்ப எழுதுகிறேன். நல்லதுதானே?

ஆசையை மதிக்கிறேன். ஆனால் நேரம் அதற்குப் போக வேண்டியதில்லை. பார்த்து எழுதும்போது கை வேலை செய்கிறது, மனம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. நான்கு நிறப் பேனாவில் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு எளிய கேள்விக்குத் திணறும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். அவர்கள் உழைக்காமல் இல்லை. உழைப்பு தவறான இடத்தில் விழுகிறது.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அளந்து, 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் நழுவியிருந்தது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பொருளுள்ள பாடம் அத்தனை வேகமாக நழுவாது. ஆனாலும் இறக்கம் தொடக்கத்தில்தான் செங்குத்தாக இருக்கிறது. அதனால்தான் அன்றைக்கே பத்து நிமிடம் என்று வற்புறுத்துகிறேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது: நோட்டை மூடிவிட்டு இன்று என்ன நடந்தது என்று ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து விட்டுப்போனதைச் சேருங்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த சோதனையில் ஒரு குழு பாடத்தை இரண்டாம் முறை படித்தது, இன்னொரு குழு பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பப் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 42 சதவீதம், நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 56 சதவீதம். திரும்பப் படித்தால் 'எல்லாம் தெரியும்' என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் பலர் தேர்வறைக்குப் போகிறார்கள்.

சீனியர் நோட்ஸ் ஜெராக்ஸ் கிடைக்கிறது. அது போதாதா?

வகுப்புக்கு வர முடியாமல் போன நாளுக்குப் பயன்படும். குறிப்புக்கு இரண்டு வேலை உண்டு: எழுதும்போது யோசிக்க வைப்பது, பிறகு திரும்பிப் பார்க்க உதவுவது. ஜெராக்ஸ் இரண்டாவதை மட்டும் செய்யும். சீனியருக்குப் புரியாத இடத்தில் அவர் போட்ட அம்புக்குறி உங்களுக்கும் புரியாது. பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நேரத்தில் இந்தக் குறிப்புகள் எப்படிக் கைகொடுக்கும்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படியான தேர்வுத் தாளில் 10 இரண்டு மதிப்பெண் கேள்விகள், 5 பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. பாடம் ஐந்து யூனிட். இடப்பக்கத்தில் நீங்கள் எழுதிய கேள்விகள் இரண்டு மதிப்பெண்ணுக்கு அப்படியே உதவும். 15 மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் தெரிந்ததைப் புதுச் சூழலில் வைத்துப் பார்க்கச் சொல்லும். அங்கே 'ஏன்' எழுதிய நோட்டுதான் நிற்கும். ஸ்டடி ஹாலிடேஸில் முதல் வேலையாக யூனிட்டுக்கு ஒரு பக்கம் என்று ஐந்து பக்கங்களில், நோட்டைப் பார்க்காமல், தலைப்புகளை அம்புக்குறியால் இணைத்து வரையுங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கிருந்து படியுங்கள்.

சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்க வராது.

தமிழில் கேளுங்கள். வகுப்பில் எழுந்து கேட்க முடியாவிட்டால் ஸ்டாஃப் ரூமுக்கு வாருங்கள், நோட்டோடு வாருங்கள். 'சார், இந்தப் பாடமே புரியல' என்று சொன்னால் எங்கே தொடங்குவது என்று எனக்கும் தெரியாது. மறுபடி முதலிலிருந்து நடத்துவேன், உங்களுக்கு மறுபடியும் புரியாது. கேள்விக்குறி போட்ட பக்கத்தை நீட்டினால் வேறு. அதற்கு முந்தைய வரி என்ன, அடுத்த வரி என்ன என்று பார்த்தாலே எந்த இடத்தில் கை நழுவியது என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பல சமயம் அது நான் வேகமாகக் கடந்துபோன இடமாகவே இருக்கும். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் நானும் கொஞ்சம் நிறுத்தி நடத்துவேன்.